பிள்ளையைக் காணும் உரிமை



எங்கள் பந்தல்குடிப் பகுதி கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. மழை கருணை காட்டிக் கண்மாயில் நீர் நிற்கும் ஆண்டுகளில், அந்நீரை முறை வைத்துப் பாய்ச்சுவது வழக்கம். இன்று ஒருவர் வயலுக்கு, நாளை மற்றவர் வயலுக்கு என்று ஊரார் கூடி வகுத்துக்கொள்வர். அண்டை வயலானின் முறைநாளில் ஒருவன் மடையை அடைத்துவிட்டால், ஊர்க்கூட்டம் அவனுக்குத் தண்டம் விதிக்கும். அப்பணம் ஊர்ப் பொதுவில் சேரும். ஆனால் அன்று வாடிய பயிர், தண்டம் கட்டியதனால் மறுநாள் தலை நிமிர்வதில்லை. அதற்கு வேண்டியது அன்றைய நீர்.

இவ்வுவமையை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மில் பலர் பேசத் தயங்கும் ஒரு பொருளுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தாயும் தந்தையும் ஒன்றாய் வாழ இயலாமல் பிரிகின்றனர். பிள்ளை ஒருவரிடம் வளர்கிறது. மற்றவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இத்தனை மணி நேரம் அப்பிள்ளையைக் காணலாம் என்று நீதிமன்றம் முறை வகுக்கிறது. அந்நாளில் பிள்ளையை வைத்திருப்பவர் அழைத்து வராவிட்டால் என்ன செய்வது? சட்டத்தின் கையில் என்ன இருக்கிறது? நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு நீதிமன்றங்களைத் திகைக்க வைத்த கேள்வி இது.

இக்கேள்வி எனக்கு ஏட்டில் இருந்து வந்ததன்று. 1998ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியனாய் இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு பிற்பகலில் ஒருவர் வந்தார். அருப்புக்கோட்டையில் தறி நெய்பவர். அவர் மகன் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்தான்; தாயுடன் தாத்தா வீட்டில் இருந்தான். வந்தவர் சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். “ஐயா, மாதம் ஒரு சனிக்கிழமை பார்க்கலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதமாக அழைத்து வரவில்லை. இங்கே வைத்தாவது ஒரு நிமிடம் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நான் அத்தாளைக் கையில் வாங்கவும் இல்லை. “இது பள்ளிக்கூடம், கோர்ட் அல்ல. உங்கள் குடும்பச் சண்டையை இங்கே கொண்டு வராதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒழுங்கைக் காத்துவிட்டதாக அன்று எனக்கு ஒரு நிறைவும் இருந்தது. அந்நிறைவு தவறானது என்று உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது. ஓய்வு பெற்ற பின்னர் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். ஏனெனில் நம் நீதிமன்றங்கள் கைக்கொண்ட முறைகள் பல அங்கிருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தந்தைக்கே உரியது. தாய்க்குப் பார்க்கும் உரிமைகூட இல்லை. கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர் கணவரால் மூன்று மகன்களிடமிருந்தும் பிரிக்கப்பட்டார். அவர் துண்டு வெளியீடுகள் எழுதினார். பாராளுமன்ற உறுப்பினர்களிடம் வாதாடினார். அதன் பயனாக 1839இல் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்டவர்களைக் காணவும் தாய்மார் நீதிமன்றத்தை நாடலாம் என்றது அச்சட்டம்.

சட்டம் வந்தது, ஆனால் பிள்ளைகள் வரவில்லை. கணவர் அவர்களை ஸ்காட்லாந்தில் வைத்திருந்தார். இங்கிலாந்தின் அச்சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. 1842இல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். செய்தி அறிந்து தாய் விரைந்து சென்றார். அவர் போய்ச் சேருமுன் சிறுவனின் உயிர் பிரிந்துவிட்டது. நாட்டின் சட்டத்தையே மாற்றிய ஒரு தாய், தம் மகனின் முகத்தை உயிருடன் காண முடியவில்லை. ஆணை எழுதுவது வேறு, அது பிள்ளை இருக்கும் இடம்வரை சென்று சேர்வது வேறு என்னும் உண்மையை இவ்வரலாறு கற்பிக்கிறது.

இனி நமக்கு நன்கு அறிமுகமான ஒருவரிடம் வருவோம். அன்னி பெசன்ட் அம்மையாரை விடுதலைப் போராட்டப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 1916இல் தன்னாட்சி இயக்கம் கண்டவர். 1917இல் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் அவர் இரு முறை நீதிமன்றத்தில் நின்றார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு முறை தாம் பெற்ற பிள்ளைக்காக. மற்றொரு முறை பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக.

1867இல் அவர் பிராங்க் பெசன்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். டிக்பி என்னும் மகனும் மேபெல் என்னும் மகளும் பிறந்தனர். 1873இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர். ஒப்பந்தப்படி மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் இருந்தனர். பின்னர் அம்மையார் கடவுள் மறுப்பாளரான சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்தார். அதற்காக 1877இல் இருவர் மீதும் வழக்கு நடந்தது. அதைக் காரணம் காட்டி, மகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கணவர் நீதிமன்றம் ஏறினார். 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் முன் அம்மையார் வழக்கறிஞரின்றித் தாமே நின்று வாதாடினார். ஒரு பெண் அவ்வாறு நின்றதே அந்நாளில் வியப்பாய் இருந்தது. தீர்ப்பு அவருக்கு எதிராய் வந்தது. மேபெல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள்.

1879இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தந்தைக்கே உரிமை என்றது. எனினும் பிள்ளைகளைக் காணும் உரிமையைத் தாய்க்கு அளித்தது. அவ்வுரிமை கையில் இருந்தும் அம்மையார் அதைப் பயன்படுத்துவதைக் கைவிட்டார். பகை சூழ்ந்த இடத்தில் நிகழும் அச்சந்திப்புகள் பிள்ளைகளின் மனத்தை அலைக்கழிப்பதை அவர் கண்டார். அவர்கள் வளர்ந்து தாமே எண்ணி முடிவு செய்யும் வரை பார்ப்பதில்லை, எழுதுவதுமில்லை என்று உறுதி பூண்டார். பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பின் தாயைத் தேடி வந்தனர். அவ்வளவில் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை.

இனி சென்னை அடையாற்றுக்கு வருவோம். ஜிட்டு நாராயணய்யா என்பவர் வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1905இல் மனைவியை இழந்தவர். 1909இல் தம் மக்களுடன் பிரம்மஞான சபையின் வளாகத்துக்கு அருகே குடியேறினார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி வருங்காலத்தில் உலக குருவாவான் என்று சபைத் தலைவர்கள் நம்பினர். 1910இல் தந்தை எழுத்து மூலம் ஒப்புதல் அளிக்க, கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்தியானந்தனுக்கும் பெசன்ட் அம்மையார் பாதுகாவலர் ஆனார். பிள்ளைகள் லெட்பீட்டர் என்பவருடன் பழகுவதைத் தந்தை விரும்பவில்லை; அதனால் மனத்தாங்கல் வளர்ந்தது. 1912இல் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே தந்தை தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்று வழக்குத் தொடுத்தார்.

செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தையின் பக்கம் வாதாடியவர் சி. பி. இராமசாமி ஐயர். அம்மையார், 35 ஆண்டுகளுக்கு முன்பு இலண்டனில் செய்தது போலவே, தாமே வாதாடினார். 1913 ஏப்பிரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்புரைத்தார். அவ்வாண்டு மே 26ஆம் நாளுக்குள் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஆணை. அம்மையார் ஆணையைப் புறக்கணிக்கவில்லை, மேல்முறையீடு செய்தார். அதுவரை ஆணை நிறைவேறாமல் நின்றது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் உயர்நீதிமன்ற மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். பின்னர் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார்.

1914இல் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்பை நீக்கியது. பார்க்கர் பிரபு உரைத்த தீர்ப்பின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். பாதுகாவல் என்பது பெற்றவரின் உடைமை போன்றதன்று. பிள்ளையின் நலத்துக்காக ஏற்கும் பொறுப்பு. தந்தை அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஆனால் நீதிமன்றம் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் நலம். அப்பிள்ளைகளோ சிறு குழந்தைகள் அல்லர். அவர்கள் பக்கத்தைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. கல்விக்காக இங்கிலாந்தில் வாழ்பவர்களைச் செங்கல்பட்டில் வாழ்பவர்களாய்க் கொள்ள இயலாது. வர விரும்பாத இளைஞர்களைக் கடல் கடந்து கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஒருவருக்கு ஆணையிட்டால், அவர் அதைச் சட்டப்படி நிறைவேற்றுவது எங்ஙனம்? தந்தை நாட வேண்டியது இங்கிலாந்து உயர்நீதிமன்றம். இவ்வாறு வழக்கு முடிந்தது.

இதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1878இல் தம் மகளை இழந்து நின்ற தாய், 1914இல் வேறொரு தந்தையின் எதிரில் வெற்றி பெற்று நின்றார். 1912இல் சென்ற பிள்ளைகள் இந்திய மண்ணை மீண்டும் மிதித்தது 1921இன் இறுதியில். எந்தப் பக்கம் நியாயம் இருந்தாலும், அத்தந்தைக்கு அவ்வாண்டுகள் இல்லாமற் போயின.

இவ்வரலாறுகளை ஒன்றாய் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. நிலத்தைப் பற்றிய தீர்ப்பானால் அமீனா சென்று அளந்து ஒப்படைத்துவிடலாம். கடனானால் சொத்தை ஏலமிட்டு வசூலிக்கலாம். பிள்ளையைப் பற்றிய ஆணையை அவ்வாறு நிறைவேற்ற இயலாது. சட்டம் எந்தக் கருவியை எடுத்தாலும் அது பிள்ளையின் மனத்தைத் தொட்டே செல்லும். ஆதலால் சட்டத்துக்கு வலிமையும் வேண்டும், மென்மையும் வேண்டும்.

இவ்விரண்டையும் நம் நாட்டுச் சட்டங்கள் எவ்வாறு பெற்றிருக்கின்றன என்று காண்போம்.

1890இல் இயற்றிய பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இவற்றுள் மூத்தது. பிள்ளையை முன்னிலைப்படுத்துமாறு அச்சட்டப்படி இட்ட கட்டளைக்குப் பணியாதவருக்கு 100 ரூபாய் வரை தண்டம்; மேலும் பணியாவிட்டால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் மொத்தம் 500 ரூபாய் வரை; அதற்கும் மேல், பிள்ளையைக் கொண்டுவர உடன்படும் வரை உரிமையியல் சிறை என்று அது வகுத்தது. அந்நாளில் 100 ரூபாய் என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. நீதிமன்ற எல்லைக்கு வெளியே பிள்ளையைக் கடத்திச் செல்லும் பாதுகாவலருக்கு 1000 ரூபாய் வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றும் கூறியது. நார்ட்டன் குடும்பத்தில் நிகழ்ந்தது போன்ற செயலுக்கு இது ஓர் அணை.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிள்ளையின் காப்பு, பராமரிப்பு, கல்வி பற்றிய ஆணைகளை நீதிமன்றம் அவ்வப்போது மாற்றியமைக்கலாம் என்றது. 1956இன் சட்டம் ஒன்று, இந்துச் சிறார்க்குப் பாதுகாவலரை அமர்த்துகையில் பிள்ளையின் நலமே தலையாய கருத்து என்று விதித்தது. சென்னையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்சநீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர். காப்பு பற்றிய ஆணை நிலைமைக்கேற்ப மாறத்தக்கது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. 2020இல் உச்சநீதிமன்றம், பிள்ளை ஒருவரிடம் இருக்கையில் மற்றவர் அதனைக் காணவும், தொலைவில் இருந்தால் தொலைபேசியிலும் காணொளியிலும் பேசவும் வழி செய்வது நீதிமன்றங்களின் கடமை என்று வலியுறுத்தியது.

இனி, ஆணை மீறப்பட்டவர் செய்யத்தக்கது யாது? முதலாவது, குறித்த நாளில் குறித்த இடத்துக்குத் தாம் தவறாமல் செல்வதும், நாள், நேரம், நடந்தது ஆகியவற்றை எழுதி வைப்பதும் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சலாய் இருந்திருக்கலாம்; பேருந்து தவறியிருக்கலாம். ஒரு நாள் தவறுவதும் வேண்டுமென்றே தடுப்பதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைக் காட்டுவது அந்தக் குறிப்பேடே. இரண்டாவது, ஆணையிட்ட அதே நீதிமன்றத்துக்குக் காலம் தாழ்த்தாமல் திரும்பிச் செல்வது. ஆணையை நிறைவேற்றித் தரவும், இழந்த நாளுக்கு ஈடாக வேறொரு நாள் தரவும், சண்டைக்கு இடமில்லாத பொது இடத்துக்குச் சந்திப்பை மாற்றவும் கேட்கலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இவ்வழியே போதும்.

அதற்கும் அசையாதவர் மீது, வேண்டுமென்றே ஆணையை மீறினார் என்று நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை கோரலாம். 1971ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு; நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். கீழ் நீதிமன்ற ஆணை அவமதிக்கப்பட்டால் உயர்நீதிமன்றமே அதை விசாரிக்கும். 2004இல் உயர்நீதிமன்றத்தின் கிளை மதுரையில் அமைந்த பின் எங்கள் பகுதி மக்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சமாயிற்று. பிள்ளையை மறைத்து வைத்துவிட்டால் ஆட்கொணர்வு மனு உண்டு. தொடர்ந்து தடுப்பவரிடம் பிள்ளை இருப்பது நன்றா என்று நீதிமன்றமே மீண்டும் எண்ணிப் பார்க்கவும் கூடும். பொருளில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி வட்டந்தோறும் சட்டப்பணிக் குழுக்கள் அமைந்தன. பெண்களுக்கும் சிறார்க்கும் வருமானம் பாராமலும், எளிய வருவாயினருக்கு வரம்புக்கு உட்பட்டும் அங்கே இலவச உதவி கிடைக்கும்.

செய்யத்தகாதவை இரண்டு. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக அதன் பராமரிப்புத் தொகையை நிறுத்துவது ஒன்று. வழியில் மறித்துப் பிள்ளையைத் தூக்கிச் செல்வது மற்றொன்று. இரண்டும் பழியைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளும் செயல்கள். அதேபோல், பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை மறைப்பதும் குற்றமே. பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று உண்மையாகவே அஞ்சுபவர் செய்ய வேண்டியது, பெசன்ட் அம்மையார் செய்தது போல மேல்நிலையை நாடுவது. ஆணையை மாற்றக் கேட்பது. நீதிமன்றம் மாற்றும் வரை அதற்குப் பணிவதே முறை.

இவையெல்லாம் 1998இல் எனக்குத் தெரிந்திருந்தால், அத்தந்தையிடம் பிள்ளையை ஒப்படைத்திருப்பேனா? மாட்டேன். அது சனிக்கிழமையன்று, பள்ளி, நீதிமன்றம் குறித்த இடமுமன்று. ஆனால் அத்தாளை வாங்கிப் படித்திருப்பேன். வந்து சென்றதைப் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியிருப்பேன். ஆணையிட்ட நீதிமன்றத்துக்கே திரும்பிப் போங்கள், சட்டப்பணிக் குழுவில் உதவி கேளுங்கள் என்று வழி சொல்லியிருப்பேன். பையனின் தாயையும் அழைத்து, இது உங்கள் மகனுக்குரிய நாள் என்று எடுத்துக் கூறியிருப்பேன். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? அந்த ஒரு மணியை நான் கொடுக்கவில்லை. அவர் பிறகு பள்ளிக்கு வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞர் வந்து வணங்கினார். அந்தப் பையன்தான். வேலை, குடும்பம் என்று நலமாகவே இருந்தார். தந்தை காலமாகிவிட்டார் என்று சொன்னார். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்: “சார், அன்றைக்கு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் பேசி அனுப்பிய பிறகு, கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றார், சார்?”

எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பர்களே, நீங்கள் நாளை ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், பிள்ளை பெற்றவராகலாம். அப்பொழுது அப்படி ஒரு தாள் உங்கள் முன் நீளக்கூடும். அதை வாங்கிப் படியுங்கள். தந்தைக்கு உரிமை, தாய்க்கு உரிமை என்று அதில் எழுதியிருக்கும். எழுதியிருப்பவை யாவும் ஒரு பிள்ளையின் நாட்கள்.